அசல் எது?

அசல் என்ற சொல் நம்முடைய கடைகளில் இரண்டு வேலை பார்க்கிறது. கணக்குப் புத்தகத்தில் அது போட்ட முதல். கல்லாவுக்கு முன்னால் நிற்கும் வாடிக்கைக்காரர் வாயில் அது போலியல்லாத சரக்கு. இரண்டும் அரபியில் வேர் என்று பொருள்படும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. மலாய்க்காரரும் அந்த வேரிலிருந்தே பிறப்பிடத்துக்கு 'ஆசால்' என்றும், உண்மைச் சரக்குக்கு 'அஸ்லி' என்றும் சொல்லுகிறார்கள். மூன்று பாஷைக்காரர் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஒரே கடையில் பேரம் பேசும்போது, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு தடவையாவது நின்று யோசிப்பது வியாபாரிகளாகிய நமக்குக் கடமை.

மிளகிலும் துணியிலும் இந்த யோசனை எளிது. கலப்பு இருக்கிறதா இல்லையா என்று கண்ணும் கையும் சொல்லிவிடும். பழைய மோட்டார் வண்டியில் அப்படியில்லை. அதிலும் டர்போ பூட்டிய சின்னப் பழைய வண்டியில் அசல் என்ற சொல் எங்கே போய் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது பெரும் பாடு. நம்மில் பழைய இரும்பும் உதிரிப்பாகமும் வாங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கும் இந்தச் சங்கதி பயன்படும்.

பண்டார் தெங்காராவை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972 இல் அமைக்கப்பட்ட கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜோகூர் மேம்பாட்டு வாரியம் காட்டைத் திருத்தி உண்டாக்கிய புது ஊர்களில் ஒன்று அது. சுற்றிலும் செம்பனை; பெல்டா குடியேற்றங்கள். கூலாய்க்குப் போனாலும் கோத்தா திங்கிக்குப் போனாலும், பழக்குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் சின்ன வண்டிக்கு மவுசு குறைவதில்லை. 1994 இல் பெரோடுவா கம்பெனி வெளியிட்ட கன்சில், 2009 இல் தயாரிப்பு நின்ற பிறகும், தோட்டத்துக்கும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. கன்சில் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் முதலையை ஏமாற்றி ஆற்றைத் தாண்டும் அதே சருகுமான்தான். பெயர் வைத்தவர்கள் அளவை நினைத்து வைத்தார்களா, தந்திரத்தை நினைத்து வைத்தார்களா என்று நாம் அறியோம்; இரண்டும் பொருந்திவிட்டது.

தந்திரம் எங்கே வந்தது என்றால் யந்திரத்தில் வந்தது. கன்சில், ஜப்பானிய டைஹாட்சு மீரா என்னும் வண்டியின் உடல்பிறப்பு. ஜப்பானில் மிகச் சிறிய வண்டிகளுக்கென்று தனி வரி, தனிச் சலுகை உண்டு. 1990 முதல் அவற்றின் யந்திரம் 660 சிசிக்கு மேல் போகக்கூடாது. இத்தனை சின்ன யந்திரத்தில் பலம் வேண்டுமானால் டர்போதான் வழி. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அமுக்கி யந்திரத்துக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளும் கூடும், பலமும் கூடும். ஸ்விட்சர்லாந்து தேசத்து ஆல்பிரட் பூஷி என்பவர் 1905 இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஜப்பானியக் கம்பெனிகள் இந்தச் சின்ன வண்டிகளுக்குத் தங்களுக்குள் 64 குதிரைச் சக்தி என்று ஓர் எல்லை வைத்துக்கொண்டன. மீராவில் வந்த 659 சிசி, 4 சிலிண்டர், ஜேபி ரகத்து டர்போ யந்திரம் அந்த எல்லையைத் தொட்டது. அதைக் கன்சிலில் இறக்கி வைத்தால் சருகுமான் புலியைப்போல் பாயும். நம் நாட்டில் சாலை வரி சிசியைப் பார்த்து வாங்கப்படுவதால், 1000 சிசிக்கு உட்பட்ட அந்தப் புலிக்கும் வருஷத்துக்கு 20 வெள்ளிதான்!

இன்னொரு வண்டியும் உண்டு. 1989 கடைசியில் ஜப்பானில் வெளிவந்த டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி டர்போ. 1331 சிசி, 135 குதிரைச் சக்தி. அதன் தம்பியான கிளான்சா 1999 இல் நின்றுபோயிற்று. கன்சில்காரர் வேறு யந்திரத்தை இறக்குகிறவர். ஸ்டார்லெட்காரரோ பிறந்தபடியே வைத்திருக்க ஆசைப்படுகிறவர். இருவரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றே. அதுதான் போத்தோங் கடை.

போத்தோங் கடையின் வரலாறும் கேட்கத் தக்கது. ஜப்பானில் வண்டி பழையதாக ஆக, பரிசோதனைச் செலவும் வரியும் வண்டியின் விலையை விழுங்கிவிடும். ஆகவே நன்றாக ஓடும் வண்டியையும் நடுவில் வெட்டி, முன்பாதியை யந்திரம், கியர்பெட்டி, ஒயரிங் எல்லாம் சேர்த்துக் கப்பலேற்றுகிறார்கள். இங்கே அதற்கு ஹாப்கட் என்று பெயர். 2009 இல் அறிவிக்கப்பட்ட தேசிய வாகனக் கொள்கைத் திருத்தத்தில், 2011 ஜூன் முதல் பழைய உதிரிப்பாகங்களின் இறக்குமதியைத் தடுப்பதாகச் சொல்லப்பட்டபோது, இந்தத் தொழிலில் உள்ளவர்கள் பட்ட கலக்கம் நினைவிருக்கும். பிறகு அந்தத் தடை நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் தடை செய்ய முடியாத ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. 1990களின் வண்டிகள் ஜப்பானிலேயே தீர்ந்துவருகின்றன. வெட்டுவதற்கு வண்டியில்லாதபோது ஹாப்கட் எங்கிருந்து வரும்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம்.

பண்டார் தெங்காராப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவரின் வேலையைச் சொல்லலாம். ஒரு கன்சிலுக்கு வேறு வண்டியின் யந்திரம், மூன்றாவது வண்டியின் கியர்பெட்டி, நான்காவதன் இருக்கைகள் என்று பூட்டி முடித்தார். கதவு நான்கில் இரண்டு மட்டும் அந்த வண்டியோடு பிறந்தவை. இது கன்சில்தானா? கிரேக்கர்களிடம் ஒரு பழைய விவகாரம் உண்டு. தீசியஸ் என்ற வீரனின் கப்பலில் உளுத்த பலகையை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்களாம். எல்லாப் பலகையும் மாறிய பின் அது அதே கப்பல்தானா என்று ஞானிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியதாகப் புளூட்டார்க் எழுதிவைத்தார். ஜேபிஜே என்று நாம் சொல்லும் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு இந்த விவகாரம் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். சேஸிஸ் நம்பர் எதுவோ அதுதான் வண்டி. யந்திரம் மாறினால் அனுமதி வாங்கி, பரிசோதனைக்குக் காட்டி, புதிய யந்திர நம்பரைப் பதிவில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் ஓட்டினால் குற்றம்.

சட்டத்துக்கு இது போதும். வியாபாரிக்குப் போதாது. ஏனென்றால் வாங்குகிறவர் சேஸிஸ் நம்பரைக் காதலித்து வாங்குவதில்லை. அவர் வாங்குவது வண்டி எப்படி ஓடும், எத்தனை நாள் ஓடும் என்ற நம்பிக்கையை. ஆகையால் பலகை மாறிற்றா என்பதைக் காட்டிலும், மாறியதைச் சொன்னோமா என்பதில்தான் நம் அசல் இருக்கிறது. இதுவரை யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. தகராறு இதற்கு மேல்தான்.

போத்தோங் கடையில் சுவரில் எழுதியிருக்கும். எழுதியிராவிட்டால் வாயால் சொல்வார்கள்: இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு வந்து கேட்கக்கூடாது. இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டால் விற்றவருக்கு விடுதலை என்பது பொதுவான எண்ணம். நம்மவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். இது புதிய தந்திரம் என்று எண்ணவேண்டாம். 'குறைக்கு நான் பொறுப்பல்ல' என்று நிபந்தனை பேசி விற்பது மதீனாவின் சந்தையிலேயே இருந்தது.

இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு பதிவாகியிருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு, குறைக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையோடு விற்றார்கள். அடிமைகளை விற்கும் காலம் அது. அக்காலம் ஒழிந்தது உலகத்துக்கு நல்லது. வாங்கியவர் திரும்பி வந்து, இவனுக்கு ஒரு நோய் இருக்கிறது, நீங்கள் சொல்லவில்லை என்றார். வழக்கு கலீபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் போயிற்று. நான் நிபந்தனை பேசித்தானே விற்றேன் என்றார்கள் இப்னு உமர். உஸ்மான் அவர்கள் நிபந்தனையைத் தள்ளிவிடவுமில்லை, அதோடு விட்டுவிடவுமில்லை. விற்றபோது எந்த நோயும் தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யும்படி தீர்ப்பளித்தார்கள். இப்னு உமர் சத்தியம் செய்ய மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அவன் குணமடைந்தான். 1500 திர்ஹத்துக்கு விற்கப்பட்டான்.

கடைசித் தொகையைப் படித்ததும் நம்மவர் முகம் மலரும். அது வியாபாரிகளின் சுபாவம். நமக்கு இங்கே வேண்டியது அந்தச் சத்தியம். 'இருக்கிறபடியே' என்று சொன்ன மனிதரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: உமக்குத் தெரிந்ததா, தெரியாததா?

ஷாஃபி இமாமின் வழி வந்த சட்ட அறிஞர்கள் இதையே பிடித்துக்கொண்டு மேலும் நுணுக்கினார்கள். அவர்களுடைய முடிவின்படி, இப்படிப்பட்ட நிபந்தனை உயிருள்ள பிராணியின் விஷயத்தில் மட்டும் செல்லும். அதுவும் உள்ளே மறைந்திருக்கும் குறைக்கு, அதுவும் விற்பவருக்குத் தெரியாத குறைக்கு மட்டும். வேறு சரக்குக்குச் செல்லாது. பிராணிக்கு ஏன் இந்தச் சலுகை? அது நோயிலும் தின்னும், சுகத்திலும் தின்னும். அதன் நிலை நாளுக்கு நாள் மாறும். உள்ளே என்ன இருக்கிறதென்று வளர்த்தவனுக்கே தெரியாமல் போகலாம். துணிக்கும் பாத்திரத்துக்கும் இந்தச் சாக்கு இல்லை. விரித்துப் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம்.

ஆகவே நாம் கேட்கவேண்டியது இது: ஹாப்கட்டில் வந்த டர்போ யந்திரம் ஆடா, துணியா?

ஆடுதான் என்று வாதிக்க இடமிருக்கிறது. கப்பலில் வந்தது, எண்ணெய் வடிக்கப்பட்டது, வெட்டியவனை நாம் கண்டதில்லை. முந்தைய சொந்தக்காரன் மலைப்பாதையில் விரட்டியவனா, பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்த கிழவனா, தெரியாது. டர்போ என்பது நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல் சுழலும் பொருள். சிவக்கக் காய்ந்த டர்போவை உடனே நிறுத்தி நிறுத்திப் பழக்கியிருந்தால், எண்ணெய் உள்ளேயே கருகிப் பாதையை அடைத்திருக்கும். வெளியில் பளபளக்கும். இத்தனையும் உண்மை. விற்பவருக்கும் உள்ளே இருப்பது தெரியாது என்பதும் உண்மை.

ஆனால் ஆட்டின் வயிற்றுக்குள் பார்க்க அந்தக் காலத்து வியாபாரிக்கு வழியில்லை. யந்திரத்துக்குள் பார்க்க நமக்கு வழியிருக்கிறது. தரையில் கிடக்கும் ஹாப்கட்டில் கியர்பெட்டியும் ஸ்டார்ட்டரும் ஒட்டியே இருக்கும். எண்ணெய் ஊற்றி, பேட்டரி ஒன்றை இழுத்து வந்து சுற்றவிட்டு, ஸ்பார்க் பிளக் துளையில் அமுக்கமானியை வைத்தால் ஒவ்வொரு சிலிண்டரின் பலமும் எண்ணாக வந்துவிடும். ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே சங்கதி இருக்கிறது. டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். சக்கரத்தின் இதழ் சுவரில் உரசிய கோடு கண்ணுக்கே தெரியும். எண்ணெய்க் கிண்ணத்தின் அடியில் உலோகத் துகள் இருந்தால் அது தன் கதையைத் தானே சொல்லும். எல்லாம் சேர்த்து அரைமணி நேர வேலை.

அரைமணி நேரத்தில் தெரிந்துகொள்ளக் கூடியதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பவரை, தெரியாதவர் என்று சொல்லலாமா? நம் அபிப்பிராயத்தில் சொல்ல முடியாது. சில கடைகளில் வேண்டுமென்றே அளந்து பார்ப்பதில்லை. அளந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்ல வேண்டியிருக்கும். இது அறியாமையைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளும் தொழில். உஸ்மான் அவர்களின் முன்னால் நின்று 'எனக்குத் தெரியாது' என்று அவர் சத்தியம் செய்துவிடலாம், வார்த்தை பொய்யாகாது. இருந்தாலும் அந்தச் சத்தியத்தைச் செய்ய நமக்குக் கை நடுங்கும். பார்க்கக்கூடிய மட்டும் பார்த்துவிட்டு, பார்க்க முடியாததை இன்னதென்று பிரித்துச் சொல்லி, 'இதற்கு மேல் நான் பொறுப்பல்ல' என்று விற்பது வேறு. அப்போது மிஞ்சிய பகுதி மெய்யாகவே ஆட்டின் வயிறு.

ஒரு கடைக்காரர் நம்மிடம் சொன்னார்: அளந்து எழுதிக் கொடுத்தால் விலை இறங்கும். இறங்கும்தான். ஆனால் அமுக்கம் குறைந்த யந்திரம் குறைந்த விலைக்குப் போவதில் நஷ்டம் எங்கே இருக்கிறது? அது வாங்கும்போதே குறைந்த சரக்கு. முழு விலை வந்திருந்தால் வித்தியாசம் வாங்கியவருடைய பணம்.

சரக்கு அரிதானதால் விலை ஏறுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்டார்லெட்டின் டர்போ ஒன்றை வாங்கி, இன்னும் ஐந்து வருஷம் கழித்து விற்கலாமென்று அலமாரியில் வைத்தால் அது பதுக்கலா? பதுக்கல் என்று ஷாஃபி மத்ஹபில் விலக்கப்பட்டது மனிதர் உண்ணும் உணவைப் பதுக்குவது. மாலிக் இமாமும், ஹனஃபிகளில் அபூ யூசுபும் ஜனங்களுக்குத் தீங்கு தரும் எந்தப் பதுக்கலையும் அதில் சேர்த்தார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும், ஆசைக்காக வண்டி வைத்திருப்பவர் ஆசைக்கு விலை கொடுப்பதில் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. ஆனால் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் சாதாரண கன்சிலின் பிரேக் சிலிண்டர் இருக்கிறது. அதைக் கேட்டு வருபவர் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஆள். அவருக்கு வேறு வண்டி இல்லை. மேல்தட்டு விலையைக் கீழ்த்தட்டுக்கும் ஒட்டிவிடும் கடையை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே மாலிக் இமாமின் அளவுகோலைக் கையில் எடுப்பதே நல்லது என்று நமக்குப் படுகிறது.

போலிச் சரக்கைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. பெயர்பெற்ற கம்பெனியின் தகட்டை ஒட்டிய நகல் டர்போ பாதி விலைக்குக் கிடைக்கிறது. நகல் என்று சொல்லி விற்பவரோடு நமக்குச் சண்டையில்லை; நகலிலும் உழைப்பது உண்டு. தகட்டை மட்டும் நம்பச் சொல்லி விற்பவரோடுதான்.

இதுவரை பேசியது விற்பவர், வாங்குபவர் என்ற இருவரைப் பற்றி. மோட்டாரில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் நம் கடைக்கு வந்ததில்லை, பேரம் பேசியதில்லை, 'இருக்கிறபடியே' என்ற நிபந்தனைக்குத் தலையாட்டியதுமில்லை. லாரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் மனைவி மக்களோடு வருகிறவர் அவர். நம் நாட்டில் சாலையில் மாண்டுபோகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களே.

கணக்கு இப்படி. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டியை நிறுத்த பிரேக் ஒரு பங்கு சூட்டைத் தாங்க வேண்டுமென்றால், 120 இல் நான்கு பங்கு தாங்க வேண்டும். வேகம் இரட்டித்தால் சுமை நாலு மடங்கு. கன்சிலின் பிரேக்கைச் செய்தவர்கள் கன்சிலின் சொந்த யந்திரத்தை மனத்தில் வைத்துச் செய்தார்கள். புலியின் யந்திரத்தை இறக்கிவிட்டு, சருகுமானின் காலை விட்டுவைத்தால் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. யந்திரத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்த பிள்ளைகள் பிரேக்குக்கு வரும்போது அடுத்த மாதம் பார்க்கலாம் என்கிறார்கள். அதற்குள் டர்போவின் அமுக்கத்தையும் கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்லுகிறார்கள். திருகு ஒன்றைத் திருப்பினால் ஏறிவிடும். ஏறிய அமுக்கத்துக்கு ஏற்ற எரிபொருள் கிடைக்காவிட்டால் சிலிண்டருக்குள் தட்டல் உண்டாகி பிஸ்டன் உடையும். அது அவர்களுடைய நஷ்டம், அறிந்தே ஏற்றுக்கொள்கிறார்கள். பிரேக்கின் நஷ்டத்தை ஏற்கப்போகிறவரைத்தான் யாரும் கேட்கவில்லை.

'நான் செய்யாவிட்டால் அடுத்த கடைக்காரன் செய்வான்' என்ற பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. அடுத்த கடைக்காரன் கலப்பட மிளகு விற்கிறான் என்று நாம் கலந்ததில்லையே. மேலும், குறையை அறிந்தவர் விற்பவராக இல்லாமல் வேற்று ஆளாக இருந்தாலும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது ஷாஃபி நூல்களில் உள்ள விதி. யந்திரத்தை விற்காமல் பூட்டிக் கொடுக்க மட்டும் செய்யும் பட்டறைக்காரரையும் இது பிடிக்கும். அந்த வண்டி நாளை இன்னொருவருக்கு விற்கப்படும்போது, என்ன மாறியிருக்கிறதென்று அறிந்தவர் அவர் ஒருவர்தான்.

நம் சிநேகிதர் சென்ற ஆண்டிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். பில்லில் நான்கு விவரம் எழுதுகிறார்: யந்திர நம்பர், எங்கிருந்து வந்தது, அமுக்கமானி காட்டிய எண்கள், திறந்து பார்க்காத பாகம் எது. பிரேக் மாற்றப்படாமல் வண்டி போனால் அதையும் எழுதுகிறார். பலர் வாங்கிக்கொள்கிறார்கள். சிலர் கடைசி வரியை மட்டும் எழுதவேண்டாம் என்கிறார்கள். இன்ஷூரன்ஸ்காரர் கண்ணில் பட்டால் தொல்லை என்பது காரணம். அப்படிப்பட்டவர்களுக்கு அவர் யந்திரத்தை விற்கிறார், பூட்டிக் கொடுப்பதில்லை. இது போதுமா என்று கேட்டோம். தம் கை அதில் படவில்லையே என்றார்.

நமக்கு அது போதுமென்று தோன்றவில்லை. பூட்டப்போகும் இடமும் பிரேக்கின் நிலையும் அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த யந்திரம் கண்காட்சிக்குப் போகவில்லை என்பதும் தெரியும். விற்காமல் விட்டால் மாதத்தில் இரண்டு மூன்று யந்திரம் அலமாரியிலேயே நிற்கும், கடை வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது என்கிறார் அவர். வாடகை ஏறுவது உண்மை. அடுத்த தடவை சங்கத்தில் கூடும்போது இந்தத் தொழிலில் உள்ள மற்றவர்களும் வந்து, தாங்கள் என்ன செய்கிறார்கள் என்று சொன்னால், அவருக்கும் ஒரு வழி பிறக்கலாம். யந்திரத்தோடு பிரேக்கையும் சேர்த்தே ஒரே விலையாக விற்பது நடக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.